கொடுத்துவிட்ட குரல்

கதிர்காமத்தில் கந்தனுக்குப் பூசை செய்யும் கப்புறாளை வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் உள்ளே போகிறார். அங்கே மந்திரம் ஒலிப்பதில்லை. அடியவர் கண்ணுக்குத் தெரிவது ஒரு திரை. அதில் மயில்மேல் முருகனும் இரு தேவிமாரும் இருக்கிறார்கள். திரைக்குப் பின்னால் இருப்பதை யாருக்கும் காட்டுவதில்லை. ஆடிவேல் நாட்களில் வெளியே காவடிக்காரரின் சலங்கையும் அரோகராவும் காட்டை நிறைக்கின்றன. உள்ளே ஒருவர் தம் மூச்சுக்கூட நைவேத்தியத்தின்மேல் படாமல், தமக்கு முன்னிருந்தவர்கள் செய்ததைச் செய்துவிட்டு வெளியே வருகிறார்.

பதுளையிலிருந்து எல்ல, வெல்லவாய, புத்தள வழியாக பஸ் ஏறிப் போய்வரும் எங்கள் தோட்டத்துச் சனங்களுக்கு இது தெரிந்த காட்சி. ஆனாலும் அந்தக் கட்டிய வாயைப் பற்றி நெடுநாள் நினைத்திருக்கிறேன். இறைவன் முன்னால் நிற்கும்போது தன் குரலைத் தன்னுடையது என்று கொண்டுபோகாத ஒருவர் அவர். அந்த மௌனத்தை ஊமைத்தனம் என்று எவரும் எண்ணுவதில்லை. அத்தனை காவடிச் சத்தத்துக்கும் நடுவில் பூசையைத் தாங்கி நிற்பது அதுதான்.

அதே ஊவாவில், பதுளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில், நாளைத் தொடக்கி வைப்பது ஒரு குரல். நமுனுகுல மலையில் இன்னும் பனி இறங்கவில்லை. லயத்து வாசல்களில் அடுப்புப் புகை கிளம்புகிறது. பீலியடியில் குடம் வைத்தவர்கள் முறைக்குக் காத்து நிற்கிறார்கள். உள்ளே ரொட்டி தட்டும் ஓசை. கோயில் கூரையில் கட்டிய ஸ்பீக்கர் ஒருமுறை கரகரத்து, பிறகு தெளிந்து, எம். எஸ். சுப்புலட்சுமி பாடிய சுப்ரபாதம் பள்ளத்தில் இறங்கி எதிர் மலையில் ஏறுகிறது.

அந்த வடமொழிச் சொற்களின் பொருள் கேட்பவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. தெரியாமலே அதைக் கேட்டு ஆயிரம் விடியல்களைக் கடந்த பாட்டிமார் எங்கள் தோட்டங்களில் உண்டு. அது கடவுளைத் துயிலெழுப்பும் பாட்டு. இராமாயணத்தில் விசுவாமித்திரர் சிறுவன் இராமனை எழுப்பும் இடத்திலிருந்து தொடங்குவது. கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் புறப்பட வேண்டிய பெண்ணும் வேங்கடத்தில் பள்ளிகொண்ட பெருமாளும் ஒரே நேரத்தில், ஒரே குரலால் எழுப்பப்படுகிறார்கள். இதை எண்ணும்போதெல்லாம் என் மனம் அடங்கிப்போகும். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் குரல் வேற்றுமை பார்க்கவில்லை.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன். அதோடு, அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னால் பிறந்த இன்னொரு குரலைப் பற்றியும்.

எம். எஸ். 1916 செப்டெம்பர் 16 அன்று மதுரையில் பிறந்தார். தாயார் சண்முகவடிவு வீணைக் கலைஞர். பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். கோயிலோடும் இசையோடும் பிணைந்த தேவதாசி மரபு அவர்களுடையது. அந்த மரபுப் பெண்களின் பாட்டைக் கேட்க ஊர் கூடிய காலம் அது. ஆனால் அதே ஊர் அவர்களைத் தன் வீட்டு நடுக்கூடத்தில் சமமாக உட்கார வைக்கவில்லை. கலை வேண்டும், கலையைச் சுமந்தவள் வேண்டாம் என்ற அந்தப் பார்வைக்கு நடுவில்தான் குஞ்சம்மா என்று வீட்டார் அழைத்த அந்தச் சிறுமி வளர்ந்தாள். வீட்டிலே ஓயாமல் வீணை. அக்காலத்துப் பிள்ளைகளுக்குத் தகப்பன் பெயர் முதலெழுத்தாக வரும். இவருக்கு வந்தது ஊரும் தாயும்: மதுரை, சண்முகவடிவு. பத்து வயதில் முதல் இசைத்தட்டு வெளிவந்தது.

சுவீடனின் தலைநகர் ஸ்டொக்ஹோமில் 1820 ஒக்டோபர் 6 அன்று பிறந்த ஜெனி லிண்டுக்கும் பிறப்பு இலேசானதாக இருக்கவில்லை. தாய் பள்ளிக்கூடம் நடத்திப் பிழைத்தவர். தாயும் தந்தையும் அப்போது மணம் செய்துகொண்டிருக்கவில்லை. ஜெனிக்குப் பதினான்கு வயதானபோதுதான் மணந்தார்கள். அந்தக் காலத்து ஐரோப்பாவில் அப்படிப் பிறந்த பிள்ளையின்மேல் என்னென்ன சொற்கள் விழுந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். ஒன்பது வயதில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் பூனைக்குப் பாடிக்கொண்டிருந்தாள். தெருவில் போன ஒரு பணிப்பெண் அதைக் கேட்டு நின்றாள். அரச நாடக அரங்கில் நடனமாடிய தன் எசமானியிடம் போய்ச் சொன்னாள். எசமானி வந்து கேட்டார். அப்படித்தான் அந்தக் குழந்தை அரங்கின் இசைப் பள்ளிக்குப் போனாள்.

அந்தப் பணிப்பெண்ணை நான் பெரிதாக மதிக்கிறேன். வழியே போன ஒருத்தி தெருவில் நின்று ஒரு குரலைக் கேட்டாள், கேட்டதை உரிய இடத்தில் சொன்னாள். இறையருள் தன் தூதரைத் தேர்ந்தெடுக்கும் விதமே தனி.

இருபது வயதுக்குள் ஜெனி சுவீடனில் புகழ்பெற்ற பாடகி ஆனார். அதே வேகத்தில் குரலும் தேய்ந்தது. சரியான பயிற்சி இல்லாமல் இரவுக்கு இரவு ஒபெரா மேடையில் பாடியதால் தொண்டை கட்டியது, உச்சத்தில் சுரம் உடைந்தது. 1841இல் பாரிசுக்குப் போய் மனுவேல் கார்சியா என்ற ஆசிரியர் முன்னால் பாடிக் காட்டினார். பிற்காலத்தில் கண்ணாடிகளைக் கொண்டு மனிதக் குரல்வளையை உள்ளே பார்க்கும் வழியைக் கண்டறிந்தவர் அவர். குரல் கெட்டுவிட்டது, இந்த நிலையில் கற்பிக்க முடியாது என்றார் கார்சியா. பல வாரங்கள் பாடவே கூடாது, பேச்சையும் குறைக்க வேண்டும், அதன்பின் வா என்று அனுப்பினார்.

பாட்டைத் தவிர வேறெதுவும் இல்லாத இருபது வயதுப் பெண். தெரியாத ஊர். வேற்று மொழி. பாடக்கூடாது என்ற விதி. அந்த வாரங்களை அவர் எப்படிக் கழித்திருப்பார்! ஊவாவில் இருப்பவர்களுக்கு இதை விளக்க ஒரு வழி இருக்கிறது. ஆடி ஆவணியில் இங்கே வறண்ட காற்று அடிக்கும். மழை நின்றுவிடும், தேயிலைச் செடி வாடும், கொழுந்து குறையும். உலகம் ஊவாத் தேயிலையைத் தேடி வாங்கும் அந்த மணம் அந்த வாட்டத்தில்தான் இலைக்குள் கூடுகிறது. செழித்து மழை பெய்யும் மாதத்துக் கொழுந்துக்கு அந்த மணம் இல்லை. ஜெனிக்கும் அப்படித்தான் நடந்தது. மௌனம் முடிந்து கார்சியாவிடம் திரும்பிப் போனார், முதல் எழுத்திலிருந்து தொடங்கினார், சிறிது சிறிதாகக் குரலைக் கட்டினார். அதன்பிறகு வந்த குரலைத்தான் ஐரோப்பா சுவீடனின் குயில் என்று கொண்டாடியது.

1847 மே 4 அன்று லண்டனில் முதன்முதல் பாடினார். விக்டோரியா அரசி வந்திருந்தார். நகரமே பித்துப்பிடித்ததுபோல் ஆனது. அதே ஆண்டுகளில்தான் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழி நடந்த நம் முன்னோர் கண்டிச் சீமைக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தார்கள். பலர் வழியிலேயே விழுந்தார்கள். அவர்கள் பறித்த கோப்பி கப்பலேறிப் போய்ச் சேர்ந்ததும் அதே லண்டனுக்குத்தான். ஒரே உலகம், ஒரே காலம். ஒரு குரலைக் கேட்க அரசி எழுந்து வருகிறார், இன்னொரு கூட்டத்தின் குரல் காட்டில் அடங்கிப்போகிறது. இதைக் கசப்போடு எழுதவில்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பார்க்கும் கடமை நமக்கு இருப்பதாக உணர்கிறேன்.

லண்டனை வென்ற இரண்டே ஆண்டில் ஜெனி ஒபெரா மேடையை விட்டார். 1849 மே 10 அன்று கடைசியாக நடித்துப் பாடியபோது அவருக்கு வயது 28. குரல் அதன் முழு நிறைவில் இருந்தது. அரங்குகள் கேட்ட விலையைக் கொடுக்கக் காத்திருந்தன. பிற்காலத்தில் ஒரு தோழி கடற்கரையில் அவரைப் பார்த்து, ஏன் விட்டீர்கள் என்று கேட்டதாகச் சொல்வார்கள். மடியில் வேதாகமம் இருந்தது, எதிரே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. மேடை வாழ்க்கை இந்த நூலை நினைக்க விடாமலும் அந்த அத்தமனத்தைப் பார்க்க விடாமலும் செய்துகொண்டிருந்தது, வேறென்ன செய்வேன் என்பதுபோல் அவர் மறுமொழி சொன்னாராம்.

பாடுவதை அவர் விடவில்லை. கச்சேரியில் பாடினார், தேவாலய இசையைப் பாடினார். நண்பரான இசைமேதை மெண்டல்சோன் தமது எலியா என்ற இசைப்படைப்பில் பெண்குரல் பகுதியை ஜெனியின் குரலை மனத்தில் வைத்தே அமைத்திருந்தார். 1847இல் மெண்டல்சோன் மறைந்தார். அடுத்த ஆண்டு அதைப் பாடிச் சேர்ந்த பணத்தில் இளம் இசைமாணவர்களுக்கு அவர் பெயரால் உதவித்தொகை ஒன்றை நிறுவ வழிசெய்தார். 1850இல் பார்னம் என்ற வியாபாரி அவரை அமெரிக்காவுக்கு அழைத்தார். ஒரு கச்சேரிக்கு 1,000 டொலர். நியூயோர்க் துறைமுகத்தில் பல்லாயிரம் பேர் கூடினார்கள். முதற் கச்சேரியில் தம் பங்காகக் கிடைத்ததை அந்த நகரத்து அறப்பணிகளுக்கே கொடுத்துவிட்டார். அந்தப் பயணத்தில் ஈட்டிய பெரும்பொருளும் சுவீடனில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடங்களுக்கும் வேறு தருமங்களுக்கும் போயிற்று.

பணம் கொடுத்ததைவிட என்னைத் தொட்டது அவர் வாழ்வின் பிற்பகுதியில் உள்ள ஒரு சிறு செய்தி. அவர் கணவர் ஒட்டோ கோல்ட்ஷ்மிட் லண்டனில் பாக் இசைக்குழுவை வழிநடத்தினார். பாக் என்ற பெரியவரின் முழு நீளப் பூசை இசையை 1876இல் அந்தக் குழு பாடியது. குழுப் பாடகிகளை ஜெனி பயிற்றுவித்தார். பிறகு அவர்களோடு ஒருவராக வரிசையில் நின்று பாடினார். தனித்து நின்று பாடினால் ஊரே திரளும் ஒருவர், தம் குரல் எதுவென்று எவரும் பிரித்தறிய முடியாதபடி கூட்டத்தில் கலந்து நின்றார். அரசியின் கைதட்டலைவிட அந்த வரிசையில் நின்றதைத்தான் அவர் பெற்ற பெரும்பேறாக நான் கருதுகிறேன். 1887 நவம்பர் 2 அன்று மறைந்தார். அவர் குரலைக் கேட்க இன்று ஒரு ஒலிப்பதிவும் இல்லை.

எம். எஸ். வாழ்விலும் இப்படி ஒரு விலகல் உண்டு. சேவாசதனம், சகுந்தலை, சாவித்திரி, மீரா என்று நான்கே தமிழ்ப் படங்களில் நடித்தார். 1945இல் வந்த மீரா, பின்னர் இந்தியிலும் வந்து, அவரை நாடறிந்தவராக்கியது. அந்த உச்சியிலேயே நடிப்பை விட்டார். மீராவாக நடித்தவர் மீராவின் வழியிலேயே போனதுபோல், அதன்பின் கச்சேரியும் பஜனும் தோத்திரமுமே வாழ்வாயின.

1947இல் காந்தியடிகள் ஒரு மீரா பஜனை அவர் குரலில் கேட்க விரும்பினார். அந்தப் பாட்டுத் தெரியாது, வேறு யாராவது பாடினால் நன்றாயிருக்கும் என்று கணவர் சதாசிவம் தெரிவித்தார். மற்றவர் பாடிக் கேட்பதைவிடச் சுப்புலட்சுமி அந்தச் சொற்களை வெறுமனே சொல்லக் கேட்டாலும் போதும் என்று காந்தியிடமிருந்து பதில் வந்தது. இரவோடிரவாகக் கற்று, ஒலிப்பதிவு செய்து தில்லிக்கு அனுப்பினார்கள். மறு ஆண்டு ஜனவரி 30 அன்று காந்தி சுடப்பட்ட செய்திக்குப் பின் வானொலியில் அதே பாட்டு ஒலித்தது. அதைக் கேட்ட எம். எஸ். மயங்கி விழுந்தார்.

அந்தப் பதிலின் ஆழத்தை அளக்க முடியவில்லை. காந்தி கேட்டது ராகம் அல்ல, பிருகா அல்ல. அந்த நெஞ்சிலிருந்து அந்தச் சொல் வரவேண்டும் என்றுதான் கேட்டார். எங்கள் கோயிலில் குரலே இல்லாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டு முணுமுணுக்கும் கிழவிக்கும் அந்தப் பதிலில் இடம் இருக்கிறது.

1963இல் வெளிவந்த சுப்ரபாத இசைத்தட்டின் உரிமைத்தொகையைத் திருப்பதித் தேவஸ்தானத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள். நம் லயத்துக் கூரைகளின்மேல் விடிந்ததும் விழுகிற அந்தக் குரலில் பாடியவருக்கென்று ஒரு காசுகூட இல்லை, முழுவதும் கொடுக்கப்பட்டுவிட்டது. கஸ்தூரிபா நினைவு நிதி தொடங்கி மருத்துவமனை, பள்ளி, கோயில் என்று அவர் தருமத்துக்காகப் பாடிய கச்சேரிகள் 200க்கும் மேல். ஒரு கட்டத்தில் கல்கி தோட்டம் என்ற பெரிய வீட்டையே விற்றுவிட்டுச் சென்னையிலேயே சிறிய வீட்டுக்குப் போனார்கள். 1966 ஒக்டோபர் 23 அன்று ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார். 1968இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற முதற் பெண் ஆனார். 1974இல் மகசேசே விருது, 1998இல் பாரத ரத்னா. இரண்டையும் பெற்ற முதல் இசைக்கலைஞர் அவரே.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜெனி தம் முடிவுகளைத் தாமே எடுத்தார், பார்னத்தின் ஆரவாரம் பிடிக்காதபோது ஒப்பந்தத்தைப் பாதியில் முடித்துக்கொள்ளும் துணிவு அவருக்கிருந்தது. எம். எஸ். வாழ்வில் எங்கே பாடுவது, எதைப் பாடுவது, பணம் எங்கே போவது என்பவற்றைப் பெரும்பாலும் சதாசிவமே பார்த்துக்கொண்டார். மதுரை வீட்டின் மரபைப் பற்றி மேடைகளில் அதிகம் பேசப்படவில்லை. அந்த வாழ்வில் கொடுத்தது எவ்வளவு, எடுக்கப்பட்டது எவ்வளவு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் பாடும் நேரத்தில் கண்மூடி அமர்ந்திருந்த அந்த முகத்தைப் பார்த்தால், அங்கே எவராலும் எடுக்க முடியாத ஏதோ ஒன்றை அவர் தாமே கொடுத்துக்கொண்டிருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1997 நவம்பரில் சதாசிவம் மறைந்தபின் எம். எஸ். மேடை ஏறவில்லை. ஏழு ஆண்டு மௌனம். 2004 டிசெம்பர் 11 அன்று மறைந்தார். அந்த ஏழு ஆண்டும் ஒவ்வொரு விடியலிலும் அவர் குரல் நம் மலைகளில் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

பாட்டு பாடகருடையது என்று நாம் எண்ணுகிறோம். இந்த இரு பெண்களின் வாழ்வு வேறொன்றைக் காட்டுகிறது. அருள் ஒரு தொண்டையைத் தேர்ந்தெடுக்கும்போது அது எந்தத் தெரு, எந்தக் குலம், தாய்க்குத் தாலி இருந்ததா என்று விசாரிப்பதில்லை. விசாரிப்பது நாம்தான். வந்து தங்கிய அருளை இது என்னுடையது அல்ல என்று திரும்பக் கொடுப்பதே அந்தத் தொண்டையின் தவம். அவர்கள் கொடுத்தார்கள், கொடுத்தபின் ஒதுங்கினார்கள்.

இனி நம் தோட்டத்துக்கு வருகிறேன்.

ஸ்பீக்கர் வருவதற்கு முன்னால் தோட்டத்தின் விடியலைத் தொடக்கி வைத்தது தப்பு என்னும் தோல்வாத்தியம். இருட்டிலேயே எழுந்து, தீ மூட்டி, தோலைக் காய்ச்சி, பிரட்டு என்ற காலை ஆள்கணக்குக்கு ஆளை எழுப்ப அடித்தார்கள். பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து மலையேறிய தலைமுறைகளின் காதில் முதலில் விழுந்த இசை அதுதான். தப்படிக்குப் பல முகம் உண்டு. சாமிக்கு ஒரு அடி, கல்யாணத்துக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி. கேட்டவுடனே பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்ன சேதி என்று தெரிந்துகொள்வார்கள். மாசியில் காமன் கூத்து வந்தால் தப்பு இல்லாமல் ஒரு அடி நகராது. சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரியும் இரவில், ரதி அழும் இடத்தில், தப்பு தன் வேகத்தையெல்லாம் இழந்து மெல்லத் தேயும். அந்தத் தேய்வைக் கேட்டிருக்கிறேன். ஆசை எரிந்துபோன பின்னால் உள்ளே என்ன மிஞ்சுகிறது என்று எந்தப் பிரசங்கியும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில், மாரியம்மன் திருவிழாவின்போது, கரகம் பாலித்து வரும்வரை அடித்துக்கொண்டு வந்த ஒரு முதியவர் கோயில் வாசலில் நின்றுவிட்டார். கரகம் உள்ளே போனது. கூட்டம் உள்ளே போனது. அவர் வேலியோரம் தப்பை மடியில் வைத்து உட்கார்ந்தார். அருகே போனேன்.

“ஏன் தாத்தா, நீங்க உள்ள போகலையா?”

“நம்ம எடம் இதுதான் தம்பி. எங்கப்பாவும் இங்கதான் உக்காந்தாரு. இங்கேருந்து அடிச்சாலும் ஆத்தாளுக்குக் கேக்கும்.”

முறையீடாக அவர் அதைச் சொல்லவில்லை. அந்தக் கடைசி வார்த்தையில் அப்படியொரு நிச்சயம் இருந்தது. அவருடைய பக்தியில் எந்தக் குறையும் இல்லை. அன்று உள்ளே நின்ற எங்களில் எத்தனை பேருக்கு ஆத்தாளுக்குக் கேட்கும் என்ற அந்த உறுதி இருந்தது என்று தெரியவில்லை. ஆனால் அவர் பக்தி முழுமையாக இருப்பதால் நம் செயல் சரியாகிவிடாது. அம்மனை ஆற்றங்கரையிலிருந்து அழைத்துவந்த கை அது. அந்தக் கைக்கு வாசல்வரை வர உரிமை, வாசலைத் தாண்ட இல்லை என்பது எந்த ஆகமம்? மதுரைப் பெண்ணின் குரலைக் கூரைமேல் ஏற்றி வைத்து வணங்குகிறோம், அவர் எந்த மரபில் வந்தவர் என்று கேட்பதில்லை. நம் தோட்டத்தில் நம் பாட்டன் பூட்டனைப் பிரட்டுக்கு எழுப்பிய தப்புக்காரரிடம் மட்டும் அதைக் கேட்கிறோம்.

இதனால்தான் இளைஞர்கள் தப்பைத் தொடத் தயங்குகிறார்கள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் அவமானத்தை நாம்தான் அதில் பூசி வைத்தோம். தகப்பன் அடித்த அடிகளை மகன் கற்காமல் கொழும்புக்கு வேலைக்குப் போய்விடுகிறான், அவனைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஒரு முதியவர் போகும்போது அவரோடு எத்தனை அடிகள் போகின்றன! சுவீடனின் குயிலுக்கு ஒலிப்பதிவு இல்லாமல் போனது அவர் காலத்தின் குறை. நம் தப்புக்காரருக்கு ஒலிப்பதிவு இல்லாமல் போனால் அது நம் குறை. ஒவ்வொரு லயத்திலும் பத்துப் போன் இருக்கிறது.

ஒரு விடயத்தில் இந்த முதியவரும் அந்த இரு பெண்களும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அவரும் தம் இசையை முழுக்கக் கொடுத்துவிட்டவர். கூலியாக ஒரு வேட்டியும் சிறு பணமும் கிடைத்திருக்கும், சில இடங்களில் அதுவும் இல்லை. பிறந்தவருக்கும் அடித்தார், இறந்தவருக்கும் அடித்தார், தமக்கென்று ஒருமுறையும் அடிக்கவில்லை. அவர்கள் புகழை அடைந்து அதிலிருந்து விலகினார்கள். இவருக்கு விலகப் புகழே கிடைக்கவில்லை. தவத்தில் எது பெரிதென்று தரம்பிரிக்க நான் யார்? ஆனால் கதிர்காமத்தில் வாய்கட்டி நிற்பவரின் மௌனம் அவராக மேற்கொண்டது. தப்புக்காரரின் மௌனம் நாம் அவர்மேல் சுமத்தியது. இந்த இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொண்டு, அதற்கு ஆன்மிகம் என்று பெயர் வைப்பது பாவம்.

ஊவாவின் தோட்டங்களில் இதை வாசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த திருவிழாவுக்குக் கோயில் கமிட்டி கூடி, மேளத்துக்கு எவ்வளவு, லைட்டுக்கு எவ்வளவு என்று கணக்குப் போடும்போது, உங்கள் தோட்டத்தில் தப்படிக்கத் தெரிந்த பெரியவர்கள் யார் யார் என்று கேளுங்கள். கரகம் உள்ளே போகும்போது அவர்களையும் உள்ளே அழைத்துப் போங்கள். மண்டபத்தில் பாய்விரித்து உட்காரவைத்து, ஸ்பீக்கரை அரைமணி நேரம் நிறுத்திவிட்டு, அம்மன் முன்னால் அடிக்கச் சொல்லுங்கள். எந்த அடி எதற்கு என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்துப் பிள்ளைகள் பதிந்துகொள்ளட்டும். அழைப்பிதழில் நாதஸ்வர வித்துவானின் பெயருக்குப் பக்கத்தில், அதே எழுத்தளவில், தப்படிப்பவரின் பெயரையும் அச்சிடுங்கள்.